டாசன் கிரீக்கிலிருந்து கிட்டிமாட் வரை: ஏற்றுமதிக்காகப் போட்ட ஓர் எரிவாயுக் குழாய் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கோஸ்டல் கேஸ்லிங்க் என்று ஓர் எரிவாயுக் குழாய் ஓடுகிறது. நீளம் 670 கிலோமீட்டர், விட்டம் 48 அங்குலம். டாசன் கிரீக் பக்கத்தில் ஆரம்பித்து, ராக்கி மலைகளைக் கடந்து, நடுப் பீடபூமியில் மேற்காகப் போய், கடைசியில் கோஸ்ட் மலைகளைத் தாண்டி, கிட்டிமாட் என்ற சின்ன ஊரில் உள்ள எல்என்ஜி கனடா ஏற்றுமதி முனையத்தில் முடிகிறது. (எல்என்ஜி என்றால் குளிரவைத்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு.) 2012 ஜூனில் அறிவித்தார்கள். அந்த வாயுவை ஏற்றிக்கொண்டு முதல் கப்பல் கிளம்பியது 2025 ஜூன் கடைசியில். ‘ஒரு குழாய் போட 13 வருஷமா, அப்படி என்னதான் வேலை?’ என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதற்கும், அதை ஒட்டி வரும் மற்ற கேள்விகளுக்கும் சேர்த்து இங்கே பதில். தொகைகள் எல்லாம் கனடா டாலரில்.

ஏற்றுமதி முனையத்துக்குத் தனிக் குழாய் எதற்கு? ஏற்கெனவே இருக்கிற குழாயில் ஒரு கிளை இழுத்தால் போதாதா?

போதாது. கிட்டிமாட்டுக்கு ஏற்கெனவே எரிவாயு வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அது வழியில் உள்ள ஊர்களில் அடுப்பும் ஹீட்டரும் எரிக்கப் போட்ட சிறிய குழாய். முனையத்தின் பசி வேறு மாதிரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எல்என்ஜி கனடாவின் முதல் கட்டம் ஆண்டுக்கு 1.4 கோடி டன் திரவ வாயு தயாரிக்கும் அளவு கொண்டது. அதை மறுபடி வாயுவாக நினைத்துப் பார்த்தால் நாளுக்குச் சுமார் 5.2 கோடி கன மீட்டர். வாயுவை மைனஸ் 162 டிகிரி வரை குளிரவைத்தால்தான் அது திரவமாகி 600-ல் ஒரு பங்காகச் சுருங்கும், அந்தக் குளிர்விக்கும் எந்திரங்களைச் சுழற்றுவதற்கும் அதே வாயுவில் ஒரு பகுதியை எரித்தாக வேண்டும். ஆக, குழாயின் தொடக்கக் கொள்ளளவு நாளுக்கு 210 கோடி கன அடி, அதாவது கிட்டத்தட்ட 6 கோடி கன மீட்டர். இரண்டு நாளுக்கு ஒரு கப்பல் நிரம்பும் அளவு. இதை எந்த ஊர்க் குழாயிலிருந்தும் கிளை இழுத்து எடுக்க முடியாது.

எண்ணூரிலும் கொச்சியிலும் நாம் பார்ப்பது இறக்குமதி முனையம். கப்பலில் வந்த திரவத்தைச் சூடாக்கி வாயுவாக்கி உள்நாட்டுக்கு அனுப்புகிறார்கள். கிட்டிமாட்டில் எல்லாமே திருப்பிப் போட்டது. அங்கே குழாய் ஒரு நாள் நின்றால், கொஞ்ச நேரத்திலேயே முழு ஆலையும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

எது முதலில் வரும்? கிணறா, குழாயா, ஆலையா?

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான். ஆலை கட்டுகிறவர் வாயு வருமா என்று கேட்பார். வாயு எடுக்கிறவர் கொண்டுபோகக் குழாய் இருக்கிறதா என்று கேட்பார். குழாய் போடுகிறவர் வாடகையை யார் கொடுப்பார் என்று கேட்பார். கடன் கொடுக்கும் வங்கி இந்த மூன்று பேரிடமும் ஒரே சமயத்தில் கையெழுத்துக் கேட்கும்.

கோஸ்டல் கேஸ்லிங்கில் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் இது: ஷெல் தலைமையிலான கூட்டணி 2012-லேயே டிரான்ஸ்கனடா நிறுவனத்தை (2019-ல் டிசி எனர்ஜி என்று பெயர் மாறியது) குழாய்க்குத் தேர்ந்தெடுத்துவிட்டது. அதற்கப்புறம் ஆறு வருஷம் வரைபடம், சர்வே, அனுமதி, பேச்சுவார்த்தை. மண் வெட்டும் வேலை பெரிதாக எதுவும் இல்லை. 2018 அக்டோபரில் ஷெல், பெட்ரோனாஸ், பெட்ரோசீனா, மிட்சுபிஷி, கோகாஸ் ஆகிய ஐந்து பங்குதாரர்களும் ஆலைக்கு இறுதி முதலீட்டு முடிவு எடுத்தார்கள். 4,000 கோடி டாலர் திட்டம் என்றார்கள், குழாயையும் சேர்த்து. அந்த முடிவு வந்ததும்தான் குழாய்க்கும் பச்சைக்கொடி. அந்த ஐந்து பேரும் 25 ஆண்டுக்கு வாயு கொண்டுபோகும் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். குழாயில் இடம் பிடித்துவிட்டால், வாயு அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் வாடகை கட்ட வேண்டும். குழாய்க்காரருக்கு உண்மையான சொத்து இந்தக் காகிதம்தான், எஃகு அப்புறம்தான் வருகிறது.

வாயு எங்கிருந்து வருகிறது?

மான்ட்னி என்ற பாறைப்படிவத்திலிருந்து. வடகிழக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பக்கத்து அல்பர்டாவிலும் பரந்து கிடக்கிறது. பாறையை நீர் அழுத்தத்தால் உடைத்து வாயு எடுக்கிறார்கள். அங்கே வாயு ஏராளம், வாங்க ஆள் குறைவு. வழக்கமான வாடிக்கையாளரான அமெரிக்கா தன் பாறை வாயுவிலேயே மிதக்க ஆரம்பித்துவிட்டது. அதனால்தான் ஆசியாவைப் பார்த்துத் திரும்பினார்கள். கிட்டிமாட்டிலிருந்து வட ஆசியாவுக்குக் கப்பலில் ஏறக்குறைய பத்து நாள், பனாமா கால்வாயில் வரிசையில் நிற்க வேண்டியதும் இல்லை.

குழாய்த் திட்டம் போடுகிறவர்கள் பலர் கிணற்றுப் பக்கத்தை ‘அது வேறு துறை’ என்று விட்டுவிடுவார்கள். 2021 ஜூனில் அது எவ்வளவு தப்பு என்று தெரிந்தது. புளூபெரி ரிவர் பூர்வகுடிகள் தொடர்ந்த வழக்கில், ஒவ்வொரு அனுமதியும் தனித்தனியாகச் சின்னதாகத் தெரிந்தாலும், மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால், அரசோடு முன்பு போட்ட ஒப்பந்தம் அவர்களுக்குத் தந்த உரிமையை மாகாண அரசு மீறியிருக்கிறது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பகுதியில் புதிய கிணறுகளுக்கு அனுமதி தேங்கிப்போனது, 2023 ஜனவரியில் ஒப்பந்தம் வந்த பிறகுதான் வழி திறந்தது.

பாதையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? நேர்கோடு போட்டால் என்ன?

நேர்கோடு போட்டால் முதல் மலையிலேயே பேனா உடைந்துவிடும். முதலில் சில கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையை வரைபடத்தில் குறிப்பார்கள். ஹெலிகாப்டரிலிருந்து லேசர் அளவீடு, மண் துளையிட்டுப் பார்ப்பது, பனிச்சரிவு விழும் இடங்கள், நிலச்சரிவின் பழைய தழும்புகள், சால்மன் முட்டையிடும் ஓடைகள், கரிபூ மான்களின் குளிர்கால இடங்கள், புதைகுழிகள், பழைய வேட்டைத் தடங்கள் என்று ஒவ்வொன்றையும் அதன் மேல் வைத்துப் பார்க்கப் பார்க்கப் பட்டை ஒல்லியாகிக்கொண்டே வரும். கடைசியில் மிஞ்சுவது சில பத்து மீட்டர் அகலம்.

ராக்கி மலைகளைக் கடப்பதைவிட கடலோரத்தில் உள்ள கோஸ்ட் மலைகளைக் கடப்பதுதான் கொடுமை. ஏனென்றால் அங்கே கணவாய்கள் குறைவு, மழையும் பனியும் அதிகம், இருக்கிற ஒன்றிரண்டு கணவாய்க்கும் போட்டி. கிட்டிமாட்டுக்கே வேறு குழாய்த் திட்டங்களும் அதே சமயத்தில் வரைபடத்தில் இருந்தன. கடைசிச் சில பத்துக் கிலோமீட்டர்தான் பணத்தையும் நேரத்தையும் மென்று தின்றது. கேபிள் கிரேன் ஹில் என்று பெயர் வாங்கிவிட்ட ஒரு செங்குத்துச் சரிவு அங்கே இருக்கிறது. லாரியும் ஏற முடியாது, பக்கவாட்டுக் கையால் குழாயைத் தூக்கும் சைடு பூம் வண்டியும் நிற்க முடியாது. மலைக்கு மேல் இரும்பு வடம் கட்டி, குழாயை அதில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார்கள். சுவர் 20 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், இந்த அகலத்தில் 12 மீட்டர்த் துண்டு ஒன்று ஏழு டன் எடை. ஆனை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுச் சரியாகப் பள்ளத்துக்குள் இறக்கி, முந்தைய ஆனையோடு மில்லிமீட்டர் பிசகாமல் சேர்த்து வெல்டு வைப்பது மாதிரி.

48 அங்குலம் எதற்கு? கொஞ்சம் ஒல்லியாகப் போட்டால் செலவு குறையுமே?

இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. குழாயின் கொள்ளளவு அதன் விட்டத்தோடு நேராக ஏறுவதில்லை, தோராயமாக விட்டத்தின் இரண்டரை மடி வேகத்தில் ஏறும். அதாவது 42 அங்குலத்திலிருந்து 48-க்குப் போனால் விட்டம் 14 சதவீதம்தான் கூடும், ஆனால் அதே அழுத்தத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் அதிக வாயு போகும். காட்டை வெட்டுவதும், பாதை போடுவதும், முகாம் நடத்துவதும் எந்தக் குழாய்க்கும் ஒரே செலவுதான்.

இன்னொன்று. குழாயை ஒருமுறை புதைத்துவிட்டால் பெரிதாக்க முடியாது, ஆனால் வாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் நிலையங்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கோஸ்டல் கேஸ்லிங்கின் முதல் கட்டம் தொடக்க முனையில் உள்ள வைல்ட் லேக் கம்ப்ரசர் நிலையத்தோடு ஆரம்பித்தது. வழியில் மேலும் நிலையங்கள் வைத்தால் இதே குழாயில் நாளுக்கு 500 கோடி கன அடி வரை தள்ளலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். வீடு கட்டும்போதே மாடிக்குச் சேர்த்து அஸ்திவாரம் போடுவோமே, அந்த யோசனைதான்.

போகிற போக்கில் ஒரு விஷயம்: குழாய் வெறும் பாதை மட்டுமல்ல, கிடங்கும்கூட. உள்ளே சராசரியாக 80 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், முழு நீளத்திலும் ஏறக்குறைய ஒரு நாளைக்குத் தேவையான வாயு எப்போதும் நிரம்பிக் கிடக்கும்.

அனுமதி கொடுப்பது யார்? ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசா, மாகாணமா?

மாகாணம். குழாய் முழுக்க ஒரே மாகாணத்துக்குள் இருக்கிறது. 2014 அக்டோபரில் சுற்றுச்சூழல் சான்றிதழ் கிடைத்தது, அடுத்த இரண்டு வருஷங்களில் மாகாண எண்ணெய் எரிவாயு ஆணையத்தின் கட்டுமான அனுமதிகள். ‘மத்திய அரசு கட்டுப்பாட்டில் உள்ள பெரிய வலையமைப்போடு இணைவதால் இதுவும் மத்திய அரசின் கீழ்தான் வர வேண்டும்’ என்று ஒருவர் மனுப் போட்டார். தேசிய எரிசக்தி வாரியம் 2019 ஜூலையில் அதை ஏற்கவில்லை.

வழியில் உள்ள 20 பூர்வகுடி மன்றங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டன என்றார்களே. அப்புறம் எதற்குப் போராட்டம்?

யாரிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கையெழுத்துப் போட்டவை தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் மன்றங்கள். அவை கனடாவின் இந்தியர் சட்டத்தின் கீழ் உருவானவை. (இந்த ‘இந்தியர்’ நாம் இல்லை, கொலம்பஸ் செய்த குழப்பத்தின் மிச்சம்.) அவற்றின் அதிகாரம் அடிப்படையில் ரிசர்வ் எனப்படும் சின்னச் சின்ன நிலத்துண்டுகளுக்கு. அதற்கு வெளியே கிடக்கும் பரந்த காடும் ஆறும் யாருடையவை? குழாய் வழியில் உள்ள வெட்சுவெட்டன் மக்கள் விஷயத்தில் அந்த நிலம் 22,000 சதுர கிலோமீட்டர். அவர்கள் எந்த அரசோடும் ஒப்பந்தம் போட்டு அதைக் கொடுத்ததில்லை. அவர்களுடைய பழைய சட்டப்படி அந்த நிலத்துக்குப் பொறுப்பு ஐந்து குலங்களின் பரம்பரைத் தலைவர்களுக்கு.

இது அவர்கள் வாயால் சொல்லிக்கொள்வது மட்டும் இல்லை. கிட்க்சான், வெட்சுவெட்டன் பரம்பரைத் தலைவர்கள் சேர்ந்து தொடுத்த டெல்கமூக் வழக்கில் 1997-ல் கனடா உச்ச நீதிமன்றம், பூர்வகுடி நில உரிமை என்று ஒன்று உண்டு, மாகாணம் அதை அழித்துவிட முடியாது, வாய்மொழி வரலாற்றையும் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னது. ஆனால் இந்த நிலம் இன்னாருடையது என்று முடிவாகச் சொல்லாமல், புது விசாரணை நடத்தலாம், அதைவிடப் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது என்று விட்டுவிட்டது. புது விசாரணை நடக்கவேயில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் இந்தக் குழாய் நுழைந்தது.

பரம்பரைத் தலைவர்கள் குழாயை எதிர்த்தார்கள். யூனிஸ்டோட்டன் என்ற வழித்தோன்றல் குடும்பத்தார் பாதைக்கு நடுவே முகாம் அமைத்து வருஷக்கணக்காக அங்கேயே வாழ்ந்துவந்தார்கள். 2019 ஜனவரியில் போலீஸ் உள்ளே போனது. அதே வருஷம் டிசம்பர் 31 அன்று மாகாண உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தடையுத்தரவு கொடுத்தது. 2020 பிப்ரவரியில் மறுபடி கைதுகள். அப்போது நடந்ததைத் திட்டக்காரர்கள் யாரும் தங்கள் அபாயப் பட்டியலில் எழுதியிருக்க மாட்டார்கள்: ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒண்டாரியோவில் மோஹாக் பூர்வகுடி மக்கள் தண்டவாளத்தின் ஓரம் உட்கார்ந்தார்கள், கிழக்குக் கனடாவில் சரக்கு ரயில்கள் நின்றன, பயணிகள் ரயில்கள் நாடு முழுக்க ரத்தாயின. ஒரு குழாய்க்காக.

அதே சமயம் ஒரே குரலாக எல்லோரும் எதிர்த்தார்கள் என்று எழுதினால் அதுவும் பொய். கிட்டிமாட்டின் ஹைஸ்லா மக்கள் வெளிப்படையாக ஆதரித்தார்கள். வெட்சுவெட்டன் மக்களுக்குள்ளேயே வேலையும் வருமானமும் வேண்டும் என்றவர்கள் இருந்தார்கள், குடும்பத்துக்குள்ளேயே பேச்சு அறுந்துபோனவர்களும் உண்டு. 2020 மே மாதம் அரசுகளும் பரம்பரைத் தலைவர்களும் நில உரிமை பற்றி ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதில் குழாய் பற்றி ஒன்றும் இல்லை. 2021 நவம்பரில் திரும்பவும் கைதுகள்.

வேறு பாதையில் போயிருக்கலாமே?

பரம்பரைத் தலைவர்கள் தரப்பே வேறு பாதைகளைச் சொன்னது, 2014-ல். ஏற்கெனவே மனிதக் கை பட்ட, கொஞ்சம் வடக்கே உள்ள வழி. நிறுவனம் ஒத்துக்கொள்ளவில்லை: நீளம் கூடும், ஊர்களை ஒட்டி வரும், செலவும் தாமதமும் ஆகும் என்றது. அந்தக் காரணங்கள் பொய் என்று நான் சொல்ல மாட்டேன், வரைபடத்தில் பார்த்தால் அந்த வழி சுற்றுத்தான். ஆனால் ‘தாமதம் ஆகும், செலவு கூடும்’ என்று சொல்லித் தள்ளிய திட்டம் கடைசியில் எங்கே போய் நின்றது என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

எவ்வளவு செலவானது? ஏன் இப்படி ஏறியது?

2018-ல் சொன்னது 620 கோடி டாலர். 2022 ஜூலையில் 1,120 கோடி. 2023 பிப்ரவரியில் 1,450 கோடி. இரண்டே கால் மடங்குக்கும் மேல். டிசி எனர்ஜி 2022-க்கான தன் கணக்கில் சுமார் 300 கோடி டாலரை இழப்பாக எழுதியது. 65 சதவீதப் பங்கை கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனமும் அல்பர்டாவின் ஓய்வூதிய நிதியும் 2020-லேயே வாங்கியிருந்தார்கள், இருந்தும் அதிகச் செலவின் பெரும்பாரம் குழாயைப் போட்ட டிசி எனர்ஜி தலையில்தான்.

காரணம் ஒன்றல்ல. கொரோனா, 2020 டிசம்பரில் முகாம்களில் ஆள் எண்ணிக்கையைக் குறைத்து மாகாணச் சுகாதார அதிகாரி போட்ட உத்தரவு, ஆள் பற்றாக்குறை, ஒப்பந்ததாரர்களோடு தகராறு, நிலச்சரிவுகளும் மழையும். போராட்டத்தால் நின்ற நாட்களும் உண்டு, ஆனால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டுவது நியாயமில்லை. அப்புறம் சேறு. பனி உருகும் வசந்தத்தில், மரம் வெட்டிய சரிவிலிருந்து மண் கரைந்து ஓடைக்குள் போகும். அதைத் தடுக்க வைக்கோல் உருளை, துணி வேலி, வடிகால், தேக்கக் குட்டை என்று ஒரு தனிப் படையே வேண்டும். இதைச் சரியாகச் செய்யவில்லை என்று மாகாணச் சுற்றுச்சூழல் அலுவலகம் பலமுறை அபராதம் போட்டது. நூறு கோடிகளில் புரளும் திட்டத்துக்கு அந்த அபராதத் தொகை டீச்செலவுதான், ஆனால் சரிவைத் திரும்பப் போய் சரிசெய்த செலவு அப்படியில்லை.

என் அபிப்பிராயம்: மேசையில் உட்கார்ந்து தட்பவெப்பத்துக்கு இவ்வளவு, சரிவுக்கு இவ்வளவு என்று சதவீதம் போட்டு வைத்த ஒரு மதிப்பீடு, கோஸ்ட் மலைகளைப் பார்த்த பிறகு எழுதியது மாதிரி இல்லை.

ஆறுகளை எப்படிக் கடந்தார்கள்?

நூற்றுக்கணக்கான ஓடைகள். சின்ன ஓடை என்றால் தண்ணீரைப் பம்பு வைத்துச் சுற்றிவிட்டு, காய்ந்த படுகையில் பள்ளம் தோண்டிக் குழாயை வைத்து, திரும்பக் கூழாங்கல்லை நிரப்பி, இரண்டு மூன்று நாளில் ஓடையைத் திறந்துவிடுவார்கள், அதுவும் மீன் முட்டையிடாத காலத்தில் மட்டும்.

பெரிய ஆறுகள் வேறு. மோரிஸ் ஆற்றை வெட்சுவெட்டன் மக்கள் வெட்ஸின் க்வா என்பார்கள். கையில் அள்ளிக் குடிக்கிற தண்ணீர் என்று இன்றும் சொல்கிறார்கள். சண்டையின் மையமே அதுதான். அங்கே ஆற்றுப்படுகையைத் தொடவில்லை. இரு கரையிலும் கிணறு மாதிரி ஆழமான குழி வெட்டி, ஒரு குழியிலிருந்து துளையிடும் எந்திரத்தை அனுப்பி, அதன் பின்னாலேயே சுரங்க உறைகளை ஜாக்கி வைத்துத் தள்ளிக்கொண்டே போய், ஆற்றுக்கு அடியில் ஒரு நுண்சுரங்கம் உண்டாக்கி, அதற்குள் குழாயை இழுத்தார்கள். 2022 இலையுதிர் காலத்தில் ஆரம்பித்தது. பொறியியல் பார்வையில் சுத்தமான வேலை. ஆனால் அது யாருடைய ஆறு என்ற கேள்விக்குச் சுரங்கம் பதில் ஆகாது, எதிர்த்தவர்கள் அதைத்தான் சொன்னார்கள்.

குழாய் தாங்கும் என்று எப்படித் தெரியும்?

ஒவ்வொரு வெல்டையும் மீயொலியால் பார்ப்பார்கள். பிறகு, வாயுவை விடுவதற்கு முன், தண்ணீர் நிரப்பி, இயங்கும்போது இருக்கப்போகிற அழுத்தத்தைவிட அதிகமாக ஏற்றி, மணிக்கணக்கில் வைத்திருப்பார்கள்.

மலையில் இது சொல்லும் அளவுக்குச் சுலபமில்லை. தண்ணீருக்கு எடை உண்டு. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார். நூறு மீட்டர்ச் சரிவை ஒரே மூச்சில் சோதித்தால் உச்சியில் இருப்பதைவிட அடியில் பத்து பார் கூடுதலாக இருக்கும். உச்சிக்குப் போதுமான அழுத்தம் வைத்தால் அடிவாரம் தாங்காது, அடிவாரத்துக்கு ஏற்ப வைத்தால் உச்சி சோதிக்கப்பட்டதாகவே ஆகாது. அதனால் மலையைத் துண்டு துண்டாக நறுக்கிச் சோதிக்க வேண்டும். அப்புறம் அந்தத் தண்ணீரை வடித்து, பிக் என்ற உருளையை உள்ளே ஓடவிட்டுத் துடைத்து, உலரவைத்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிய பிறகுதான் வாயு. 2023 அக்டோபர் கடைசியில் குழாய் முழுவதும் தரையில் இருந்தது, நவம்பரில் இயந்திரப் பணி நிறைவு என்று அறிவித்தார்கள். வணிகச் சேவை ஆரம்பமானது அதற்கும் ஒரு வருஷம் கழித்து, 2024 நவம்பரில்.

வெடிக்குமா?

எரிவாயுக் குழாய் வெடிக்கவே வெடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2018 அக்டோபரில் இதே மாகாணத்தில், பிரின்ஸ் ஜார்ஜுக்குப் பக்கத்தில் ஷெல்லி என்ற இடத்தில் என்பிரிட்ஜின் 36 அங்குலக் குழாய் வெடித்தது. தீப்பிழம்பு தூரத்திலிருந்தே தெரிந்தது, பக்கத்தில் உள்ள லெய்ட்லி டெனே மக்களை வெளியேற்றினார்கள், நல்ல வேளையாக யாருக்கும் காயமில்லை. காரணம், குழாயின் வெளிப்பூச்சு பழுதாகி, அரிப்பும் இழுவிசையும் சேர்ந்து எஃகில் உண்டாக்கிய நுண்விரிசல்கள். இதைப் பிடிக்கத்தான், சுவரைச் சோதிக்கும் கருவிகளோடு உள்ளே பிக் ஓடுகிறது. ஓட்டும் இடைவெளியைத் தள்ளிப்போட்டால்தான் ஆபத்து.

சுற்றுச்சூழலுக்கு நல்லதா, கெட்டதா? நிலக்கரிக்குப் பதில் வாயு என்கிறார்களே?

எரிக்கும் இடத்தில் மட்டும் பார்த்தால் நிலக்கரியைவிட வாயு ஏறக்குறையப் பாதி கரியமிலம்தான் விடும். ஆனால் கிணற்றிலிருந்து கப்பல் வரை எங்காவது மீத்தேன் கசிந்தால், அது இருபது வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 80 மடங்கு சூடேற்றும். ஆகவே கசிவு எவ்வளவு, வாங்குகிறவர் உண்மையிலேயே நிலக்கரியை நிறுத்துகிறாரா என்ற இரண்டையும் சொல்லாத எந்த வாதத்தையும் நான் பாதி வாதமாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

திட்டமிட்ட எல்லாக் குழாய்களும் வந்தனவா?

இல்லை, பெரும்பாலானவை காகிதத்தோடு சரி. செவ்ரானும் உட்சைடும் கிட்டிமாட்டில் ஆலை கட்டுவதாகச் சொல்லி, அதற்கு பசிபிக் டிரெயில் என்று ஒரு குழாயும் வைத்திருந்தார்கள். 2021-க்குள் இருவரும் கைகழுவிவிட்டார்கள். பெட்ரோனாஸின் பசிபிக் நார்த்வெஸ்ட் எல்என்ஜி என்ற திட்டத்துக்கு, சுமார் 900 கிலோமீட்டர் நீளத்தில் பிரின்ஸ் ரூபர்ட் குழாய் என்று ஒன்று அனுமதி வரைக்கும் போனது. அந்த ஆலையில் நம்ம இந்தியன் ஆயிலுக்கும் 10 சதவீதப் பங்கு இருந்தது, 2014-ல் வாங்கியது. 2017 ஜூலையில் பெட்ரோனாஸ் ஆலையைக் கைவிட்டது. குழாய்க்காக டிரான்ஸ்கனடா அதுவரை செலவழித்ததை, ஒப்பந்தப்படி பெட்ரோனாஸ் திருப்பிக் கொடுத்தது. ஒரு மீட்டர்கூடப் போடாத குழாய்க்கு.

வேடிக்கை என்னவென்றால் அந்த அனுமதி சாகவில்லை. 2024-ல் நிஸ்கா பூர்வகுடி மக்களும் வெஸ்டர்ன் எல்என்ஜி என்ற நிறுவனமும் அதை விலைக்கு வாங்கி, தங்கள் க்ஸி லிசிம்ஸ் முனையத்துக்காக அந்த வருஷமே வேலையைத் தொடங்கினார்கள். காலாவதியாகும் முன் ‘கணிசமாகத் தொடங்கப்பட்டது’ என்று நிரூபித்தாக வேண்டியிருந்தது, 2025-ல் மாகாணம் அதை ஒத்துக்கொண்டது. அனுமதிக் காகிதத்துக்கே சந்தை விலை உண்டு என்று தெரிந்துகொள்ள இது நல்ல உதாரணம்.

கோஸ்டல் கேஸ்லிங்கில் வேறு யாராவது வாயு எடுப்பார்களா?

எடுக்கப்போகிறார்கள். கிட்டிமாட் பக்கத்திலேயே ஹைஸ்லா மக்கள் பெம்பினா நிறுவனத்தோடு சேர்ந்து சீடர் எல்என்ஜி என்று மிதக்கும் முனையம் ஒன்றுக்கு 2024 ஜூனில் இறுதி முடிவு எடுத்தார்கள். ஆண்டுக்கு 33 லட்சம் டன். பெரும்பங்கு, 50.1 சதவீதம், ஹைஸ்லா மக்களுடையது. எல்என்ஜி கனடாவும் இரண்டாம் கட்டமாகத் தன் அளவை இரட்டிப்பாக்கும் யோசனையில் இருக்கிறது. இங்கேதான் அந்த 48 அங்குலம் வேலைக்கு வருகிறது.

இப்போது அந்தப் பாதையில் நடந்துபோனால் குழாய் கண்ணுக்குத் தெரியுமா?

தெரியாது. காட்டுக்குள் ஒரு புல்பட்டை தெரியும். சாலையையும் ஓடையையும் கடக்கும் இடங்களில் மஞ்சள் குறிகள், எங்காவது வேலி போட்ட வால்வு நிலையம், அவ்வளவுதான். குழாய்க்கு மேல் பெரிய மரம் வளர விடமாட்டார்கள், வேர் பூச்சைக் கெடுக்கும். மேலிருந்து பார்க்கும் ஹெலிகாப்டருக்கும் பாதை தெரிய வேண்டும்.

இதில் ஒரு தொல்லை இருக்கிறது. வழக்கமாக அடர்காட்டில் கரிபூ மான் ஓநாயிடமிருந்து தப்பிக்கும், ஏனென்றால் அங்கே ஓட முடியாது, தூரமாகப் பார்க்கவும் முடியாது. இப்படி ஒரு நேரான பட்டை கிடைத்தால் ஓநாய்க்கு அது நெடுஞ்சாலை. 2014-ல் மாகாண மதிப்பீட்டு அறிக்கையே கரிபூக்களுக்குக் கணிசமான பாதிப்பு மிஞ்சும் என்று ஒப்புக்கொண்டுதான் சான்றிதழுக்குப் போனது. அதனால் கரிபூ நடமாடும் இடங்களில், பாதையில் நேராகப் பார்வை போகாதபடி மண்மேடுகளும் குறுக்கே போட்ட மரத்துண்டுகளும் வைக்கிறார்கள். நடப்பவர்களுக்கு அது இடைஞ்சலாகத்தான் இருக்கும். ஓநாய்க்கும் இடைஞ்சலாக இருக்க வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள்.